இருபதாவது கேள்வி

உத்திரமேரூர்
3.2.2025

அன்புள்ள சந்தியாவுக்கு,

பத்மஜா எழுதுகிறேன். பச்சை மையும் ரப்பர் முத்திரையும் இல்லாமல் நான் ஒரு கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. உன் போன் அணைந்தே இருக்கிறது. ஒரு மாதத்துக்குப் போனைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொக்கம்மாள் சொன்னாள். சத்துணவு சமைக்கிறவளுக்குத் தெரிந்தது தலைமை ஆசிரியைக்குத் தெரியவில்லை. போகட்டும். கடிதத்தைத் தொடலாம் அல்லவா?

முதலில் நல்ல செய்தி. காவியா தேறிவிட்டாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வந்தாள். வகுப்பறைக்குள் மட்டும் வரமாட்டேன் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறாள். மூன்றாம் வகுப்புக் குழந்தை, நாளாக நாளாகச் சரியாகிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்த ஆணையோடு விசாரணைத் தேதியும் வந்திருக்கும். 27ஆம் தேதி வியாழன், காலை பத்தரை. அங்கே போய் நீ மனம் போனபடி பேசிவிடக் கூடாது என்று ஒரு விளக்கக் கடிதம் நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

"22.1.2025 புதன்கிழமை காலை பதினொரு மணியளவில், மாணவர்கள் மதிய உணவுக்குச் சென்றுவிட்டதாகத் தவறாக எண்ணி, குரங்குகள் நுழையாமலிருக்க வழக்கமாகப் போடும் பூட்டை வகுப்பறைக் கதவில் போட்டுவிட்டுப் பள்ளியிலிருந்து வெளியேறிவிட்டேன். முப்பத்தாறு மாணவர்கள் உள்ளே இருந்தனர். தலைமை ஆசிரியை அலுவலகக் கூட்டத்துக்குச் சென்றிருந்தார். நாற்பது நிமிடம் கழித்துச் சமையலர் சொக்கம்மாள் பூட்டை உடைத்து மாணவர்களை வெளியேற்றினார். ஒரு மாணவி மயங்கிய நிலையில் இருந்தார். இது முழுக்க என் கவனக்குறைவால் நேர்ந்தது."

கவனக்குறைவு என்ற வார்த்தையை நெடுநேரம் யோசித்துப் போட்டிருக்கிறேன். அதற்குக் கண்டனமும் இடமாறுதலும் கிடைக்கும், அவ்வளவோடு போய்விடும். உடம்பு, மனசு என்று வேறு எதையும் உள்ளே இழுக்காதே. இழுத்தால் இப்படிப்பட்டவளிடம் குழந்தைகளை எப்படி விடுவது என்று கேட்பார்கள், வேலையே போய்விடும்.

மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் உன்னைக் கரையேற்ற வேண்டும். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

பத்மஜா


தென்னேரி
7.2.2025

பெரிய டீச்சருக்கு வணக்கம்.

உங்கள் கவரை நைனாதான் வாங்கி வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கவரின் கனத்தைப் பார்த்தே முகம் வெளுத்துவிட்டது. "இன்னாமா எழுதிக்கீறாங்க? வேல கீதா, பூட்ச்சா?" என்று கேட்டார். இருக்கிறது நைனா என்று சொல்லி வைத்தேன். ஏரிக்கரையில் எங்கள் இருளர் குடியிருப்பில் பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டும்போது நைனா பெயரைச் சொல்லி "மாசி பொண்ணப் பாரு" என்றுதான் விரட்டுவார்கள். அந்த மாசி பெண் பகலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டிருக்கிறாள். யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலே பரவாயில்லை என்று இருக்கிறது.

கையெழுத்துப் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபித்தாலும் சரி.

அன்று என்ன நடந்தது என்று இதுவரை நீங்கள் என்னைக் கேட்கவேயில்லை. ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்திருந்தேன். நம் பள்ளிக்கு இருப்பதே இரண்டு டீச்சர், உங்களுக்குக் கூட்டம் இருக்கிற நாளெல்லாம் அப்படித்தானே. ஆசிரியர் நலன் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சியைப் பிள்ளைகளுக்கும் செய்யச் சொல்லி வாட்ஸப்பில் போட்டிருந்தீர்கள். சரி என்று எல்லாரையும் தலையைக் கவிழ்த்துக் கண்ணை மூடச் சொன்னேன். பாவம், அப்படியே செய்தார்கள். ஒரு சத்தம் இல்லை. ஆறு வருஷத்தில் அந்த அறையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. சத்தம் இல்லாவிட்டால் பிள்ளைகள் சாப்பிடப் போய்விட்டார்கள் என்றுதான் என் காதுக்குத் தெரியும். எழுந்தேன், பூட்டினேன். கை பழகின வேலை. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் நினைவில் இல்லை. கண் தெளிந்தபோது வாலாஜாபாத் பஸ்ஸில், திருமுக்கூடல் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கிறேன். உள்ளங்கையில் சாவி.

இது உங்களுக்குக் கவனக்குறைவாகத் தெரிகிறதா?

காவியா அந்த அறைக்குள் போகமாட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் தப்பு அது. அதிலிருந்து நான் ஓடவில்லை, அதற்கு என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் விசாரணை நோட்டீஸோடு ஒரு காகிதத்தின் நகல் வந்திருக்கிறது. "ஆசிரியர் நலன் சுயமதிப்பீட்டுப் படிவம்." போன நவம்பரில் நான் நிரப்பியதாம். களைப்பாக உணர்கிறீர்களா, தூக்கம் கெடுகிறதா, மறதி உண்டா என்று டிக் போடுகிற பத்தொன்பது கேள்வி. பத்தொன்பதுக்கும் "ஒருபோதும் இல்லை." அதன் அடியில் கல்வி ஆபீஸில் எழுதியிருக்கிறார்கள்: மனநலம் சீராக இருப்பதாகத் தாமே தெரிவித்துள்ளதால் இச்செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டதாகக் கருத இடமுண்டு.

டீச்சர், அந்தப் படிவத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. என் பெயர் இருக்கிறது. டிக் யாருடையது? வால் நீண்டு அடுத்த வரியைத் தொடுகிற டிக். ஆறு வருஷமாக வீட்டுப்பாட நோட்டுகளில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சந்தியா


உத்திரமேரூர்
10.2.2025

சந்தியா,

ஆமாம், நான்தான் டிக் போட்டேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

அன்று மாலை ஐந்து மணிக்குள் படிவம் போக வேண்டும். நீ சத்தம் போட்டுக் கத்திக்கொண்டு பாடம் நடத்திக்கொண்டிருந்தாய், தொண்டை வேறு கட்டியிருந்தது. உன்னைக் கூப்பிட்டு இருபது கேள்வியைக் கையில் கொடுத்தால் அது உனக்கு இன்னொரு சுமை. உனக்கு உபகாரம் என்று நினைத்துத்தான் நிரப்பினேன். எனக்கும் அப்படித்தான் நிரப்பிக்கொண்டேன். எல்லாப் பள்ளியிலும் அதுதான் நடந்திருக்கும். "அடிக்கடி" என்று ஒரு டிக் விழுந்தால் போதும், ஏன், எப்போதிலிருந்து, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அதற்கு ஒரு தனி அறிக்கை கேட்பார்கள். அதையும் யார் எழுத வேண்டும்? நான்.

அந்தக் காகிதத்துக்கு இப்படி ஒரு கால் முளைக்கும் என்று நான் கனவா கண்டேன்?

இப்போது அதைக் கிளறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். ஒரு ஆசிரியைக்காக இன்னொருத்தி பொய்ப் படிவம் கொடுத்தாள் என்று ஆகும். ஓய்வு பெறும் மாதத்தில் விசாரணை இருந்தால் என்னை ஓய்வு பெற விடமாட்டார்கள், பென்ஷனும் நின்றுவிடும். என் கணவர் ஸ்ரீனிவாசன் எதற்கும் குரலை உயர்த்தாதவர். அவரே நேற்று, "முப்பத்து மூணு வருஷ சர்வீஸை ஒரு டிக்குக்காகத் தொலைக்கப் போறியா? அந்தப் பொண்ணுக்குக் கடுதாசி போடறதை நிறுத்து" என்றார். அவர் கோயிலுக்குப் போயிருக்கும்போது இதை எழுதுகிறேன்.

உனக்கு வயது முப்பத்து மூன்று. இடமாறுதல் கிடைத்தால் வேறு பள்ளி, வேறு பிள்ளைகள். எனக்கு இதுதான் கடைசிப் பள்ளி. இரண்டு பேரில் யாருக்கு இழப்பு அதிகம் என்று நீயே சொல். நகல் இல்லையென்றால் அந்த விளக்கக் கடிதத்தை இன்னொன்று எழுதி அனுப்புகிறேன்.

பத்மஜா


தென்னேரி
14.2.2025

டீச்சர்,

யாருக்கு இழப்பு அதிகம் என்று கேட்டிருந்தீர்கள். உடம்பு, மனசு எதையும் சொல்லாத உங்கள் விளக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தப் படிவம் உண்மை என்று ஆகிவிடும். படிவம் உண்மை என்றால் நான் நல்ல புத்தியோடு முப்பத்தாறு பிள்ளைகளைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினவள். அப்படிப்பட்டவளுக்கு இடமாறுதல் கொடுப்பார்களா? நீங்களே உங்கள் பிள்ளையை அவளிடம் விடுவீர்களா? வேலை போகும் டீச்சர். என் வேலை போனால் எங்கள் பக்கத்தில் இன்னொரு பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்ல எனக்கு வாய் இருக்காது.

ஒரு விஷயம் செய்திருக்கிறேன். அந்த இருபது கேள்வியையும் கோடு போட்ட தாளில் எழுதி, நானே பதில் நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாவது கேள்வியிலேயே அழுகை வந்து எழுந்து போய்விட்டேன். தாளைப் பிரிக்காமல் வைத்துவிடுவீர்களோ என்று சிலவற்றை இங்கேயும் எழுதுகிறேன்.

மூன்று, வேலைக்குக் கிளம்பும்போது உடலில் ஏதாவது தொந்தரவு தெரிகிறதா? எப்போதும். ஞாயிறு மதியமே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

ஏழு, மறதி உண்டா? அடிக்கடி. டிசம்பரில் வருகைப்பதிவு எடுக்கும்போது ஒரு பிள்ளையின் பெயர் வரவில்லை. மூன்று வருஷமாக என்னிடம் படிக்கிற பிள்ளை. அந்தப் பிள்ளையிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். காவியாதான் அது.

பதினொன்று, ஓய்வு கேட்கத் தயக்கம் உண்டா? இதற்கு டிக் போடாமல் நடந்ததையே எழுதியிருக்கிறேன். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் லீவு கேட்டேன். தலை சுற்றுகிறது என்றேன். நீங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "உங்க ஜனங்களுக்கு உழைப்பு புதுசா என்ன? வயக்காட்டுல நிக்கறதை விட இது கஷ்டமா?" என்றீர்கள். ஞாபகம் இருக்கிறதா? நான் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் நாளைக்கு உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று சிரித்தேன். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் அந்தப் பயிற்சிக்கான போட்டோ. நீங்களும் நானும் மரத்தடியில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தோமே. சொக்கம்மாள் அக்கா அடுப்பை விட்டுவிட்டு வந்து எடுத்தார்கள். அந்த இரண்டு நிமிஷம்தான் ஆசிரியர் நலன். போட்டோ எடுத்ததும் நீங்கள் ஆபீஸுக்குள், நான் ஐந்து வகுப்புக்குள்.

கடைசியாக இருபதாவது கேள்வி. இதற்கு மட்டும் டிக் கிடையாது, எழுத வேண்டும். "உதவி வேண்டுமென்றால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?" என் படிவத்தில் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது: தலைமை ஆசிரியர். என் தாளில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

சந்தியா


உத்திரமேரூர்
17.2.2025

சந்தியா,

உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். இதை நான் வைத்துக்கொள்ள முடியாது.

நான் சொன்ன அந்த வார்த்தை ஞாபகம் இருக்கிறது. விளையாட்டாகச் சொன்னேன் என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. தவறு. மன்னித்துக்கொள்.

ஆனால் பாரத்தை எல்லாம் என் தலையில் இறக்குகிறாயே, எனக்கு யார் இருந்தார்கள்? முட்டை எத்தனை, செருப்பு எத்தனை, கழிப்பறைக் கதவு எத்தனை என்று தினமும் ஆப்பில் ஏற்றியது யார்? வாரம் ஒரு கூட்டம் என்று அலைந்தது யார்? அன்று நான் கூட்டத்தில் இருந்தேன். பள்ளியில் இருந்திருந்தால் ஓடிவந்து திறந்திருக்க மாட்டேனா? அந்த ஒரு நாள் நான் இல்லாமல் போனது என் குற்றமா?

இதற்கு மேல் எழுதாதே. எழுதினாலும் பிரிக்கமாட்டேன்.

பத்மஜா


தென்னேரி
20.2.2025

டீச்சர்,

பிரிப்பீர்கள். வீட்டுப்பாட நோட்டில் ஒரு பக்கத்தைக்கூட விடாமல் பார்க்கிறவர் நீங்கள்.

நேற்று சொக்கம்மாள் அக்கா வந்திருந்தார்கள். எனக்காகக் கருவாட்டுக் குழம்பு தூக்கில் கொண்டுவந்தார்கள். அவர்கள் எதையும் சொல்ல வரவில்லை, நான்தான் கிளறினேன். அன்று மோட்டார் ஓடாமல் தெருக்குழாய்க்குத் தண்ணீருக்குப் போய், மூன்றாவது நடையில்தான் சத்தம் கேட்டிருக்கிறது. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கொடத்த அப்டியே போட்டுட்டு ஓடியாந்தேன். அம்மிக் குழவிய எட்துக்கினு பூட்ட இடிச்சிக்கினு கீறேன், ஒடைய மாட்டுது. பக்கத்துல ஆபீஸ் ரூம் கதவு சாத்திக்கீது. வாசல்ல பெரிய டீச்சர் செருப்பு கீது. டீச்சர் டீச்சர்னு கூவுனேன். ஆருமே வரல. பூட்டு ஒடைஞ்சி, புள்ளைங்கள வெளிய இட்டாந்து, காவியாவுக்குத் தண்ணி தெளிச்சிக்கினு இருக்கசொல்ல கேட்டாண்டருந்து பெரிய டீச்சர் வராங்கோ. வெறுங்காலோட. நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும், எனக்கும் பொழப்பு கீதே."

ஆபீஸ் அறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. அது வழியாகப் போனால் புளியமரத்தைச் சுற்றி கேட்டுக்கு வந்துவிடலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். பாலத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். என் போன் வகுப்பறையில் பைக்குள் இருந்தது. மீன் விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் போனைக் கெஞ்சி வாங்கினேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் இரண்டுதான். ஒன்று நைனாவுடையது. மற்றது உங்களுடையது. மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் மணி போய்க்கொண்டே இருந்தது. அப்போது மணி பதினொன்று இருபத்தைந்து. எடுத்திருந்தால் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன், திறங்க என்று.

கூட்டத்தில் இருந்தீர்களா டீச்சர்?

சந்தியா


உத்திரமேரூர்
24.2.2025

இதைச் சொக்கம்மாள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். மடித்து ஒட்டியிருக்கிறேன்.

செருப்பு விஷயத்தை யாரிடமாவது சொன்னாயா? விசாரணையில் சொல்லப் போகிறாயா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

ப.


தென்னேரி
24.2.2025

டீச்சர்,

அக்கா காத்திருக்கிறார்கள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. விசாரணையிலும் சொல்லமாட்டேன். சொன்னால் சொக்கம்மாள் அக்காவைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள், அவர்கள் பிழைப்பு போகும். என் பிழைப்புக்காக அவர்களுடையதை எடுக்கமாட்டேன்.

வியாழக்கிழமை நைனாவோடு வருகிறேன். படிவம் நான் நிரப்பியதில்லை என்பேன். நம்பினால் நம்பட்டும். நீங்கள் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பீர்கள். என் முகத்தைப் பார்க்க வேண்டாம், காவியாவை நினைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

சந்தியா


உத்திரமேரூர்
26.2.2025

சந்தியா,

இதுவும் சொக்கம்மாள் கையில்தான் வருகிறது. அவளிடம் இன்று காலை மன்னிப்புக் கேட்டேன். "அய்ய, வுடுங்க டீச்சர்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களையப் போய்விட்டாள்.

நான் கூட்டத்தில் இல்லை. அன்று கூட்டமே இல்லை.

சொல்ல ஆரம்பித்துவிட்டேன், முழுக்கச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக, வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள், கூட்டம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். தூங்குவதில்லை. ஆப்பில் எதையும் ஏற்றுவதில்லை. மேசையில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் நான் பைத்தியமாகியிருப்பேன் என்று நினைத்தேன். வீட்டில் சொல்ல முடியாது, ஸ்ரீனிவாசனுக்கு நான் எதையும் தாங்குகிறவள். ஆபீஸில் சொல்ல முடியாது. உன்னிடம் எப்படிச் சொல்வது? சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்து வகுப்பை வைத்துக்கொண்டு நீ கத்துவது எனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். என் ஒரு மணி நேரத்தை உன் தொண்டையிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரியும் சந்தியா. தெரியாமல் இல்லை.

அன்று முதலில் சத்தம் கேட்டபோது, நீ இருக்கிறாய், பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன். அப்புறம் கதவைத் தட்டுகிற சத்தம். அப்புறம் தெளிவாகவே கேட்டது, "டீச்சர், கதவத் தொறங்க." எழுந்தேன். கதவுப் பிடியில் கையை வைத்தேன். திறந்து வெளியே வந்தால் நான் இவ்வளவு நேரமும் உள்ளேதான் இருந்தேன் என்று தெரிந்துவிடுமே என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டேன். இதோ போய்விடலாம், இதோ போய்விடலாம் என்று நின்றேன். பதினைந்து நிமிஷம் நின்றிருப்பேன். போன் அடித்தது. தெரியாத நம்பர். மூன்று தடவையும் பார்த்தேன். சத்தம் வெளியே கேட்டுவிடப் போகிறது என்று புடவையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

நீ பூட்டினது நினைவில்லாமல். நான் திறக்காமல் நின்றது முழு நினைவோடு. இந்த இரண்டில் எதை விசாரிக்க வேண்டும்?

எனக்காக நான் நிரப்பிய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பதும் "ஒருபோதும் இல்லை." இருபதாவதில், "உதவி தேவைப்படவில்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்று நிரப்பினேன். நீ சொன்னது சரி, மூன்றாவது கேள்வியிலேயே எழுந்து போகத் தோன்றுகிறது.

நாளை விசாரணையில் மூன்று காகிதம் கொடுக்கப் போகிறேன். உன் பெயரில் நான் போட்ட பொய்ப் படிவத்துக்கான விளக்கம். அன்று நான் எங்கே இருந்தேன் என்பது. என்னுடைய உண்மையான படிவம். நான்காவதாக உன் தாளையும் கொடுக்க ஆசை. திருப்பி அனுப்பிய முட்டாள் நான். எடுத்துக்கொண்டு வா.

ஸ்ரீனிவாசனிடம் இன்று சொன்னேன். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். பயமாக இருக்கிறது சந்தியா. காலையில் என் கால் திரும்பி வீட்டுக்கே நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் இதை இன்றே உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். நாளை நான் வாயைத் திறக்காவிட்டால் இந்தக் கடிதத்தை அங்கேயே வாசித்துவிடு.

பத்மஜா


தென்னேரி
6.3.2025

டீச்சருக்கு வணக்கம்.

கடிதத்தைக் கொண்டுவந்திருந்தேன். நைனாவின் சட்டைப் பையில் இருந்தது. வாசிக்க வேண்டி வரவில்லை.

நீங்கள் பேசியதை நைனா அரைகுறையாகத்தான் புரிந்துகொண்டார். "ஏன் இதை இப்போது சொல்கிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டதும், "இப்போதுதான் எழுந்து நிற்க முடிந்தது" என்றீர்களே, அது மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. வெளியே வந்து, "பெரிய டீச்சருக்கும் ஒடம்பு சொகமில்லியாமா?" என்று கேட்டார். ஆமாம் நைனா என்றேன். "ரெண்டு பேருக்கும் சொகமில்லன்னா பள்ளிக்கொடத்த ஆரு பாத்துக்கினது?" என்றார்.

என் ஆணை நேற்று வந்தது. தற்காலிக நீக்கம் ரத்து. ஒரு மாதம் மருத்துவ விடுப்பு, அதன் பிறகு அதே பள்ளி. எச்சரிக்கை ஒன்று பதிவில் ஏறும், ஏறட்டும். உங்களிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்றும், மே மாதம் உங்களை விடுவார்களா என்று தெரியவில்லை என்றும் சொக்கம்மாள் அக்கா சொன்னார்கள். கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன்.

நேற்று காவியா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அம்மா உள்ளே வா என்று சொல்லவில்லை. நியாயம்தான். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். காவியா மட்டும் கிட்டே வந்து, "சாவி இன்னும் ஒங்ககிட்டயா கீது டீச்சர்?" என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். பூட்டு உடைந்துபோனது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். இனி அந்தக் கதவுக்குப் பூட்டு வேண்டாம் டீச்சர். குரங்கு வந்தால் வரட்டும், சோற்று டப்பாவோடு போகட்டும்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. பதினைந்து நிமிஷம் பெரிது. ஆனால் நான் கத்திக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி கையை மேசையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள் என்பதை நினைக்காமலும் இருக்க முடியவில்லை. இரண்டு வருஷம் ஒரு சுவர்தான் இடையில் இருந்திருக்கிறது. தட்டியிருக்கலாம். நீங்களும் தட்டவில்லை, நானும் தட்டவில்லை.

நீங்கள் புதிதாக நிரப்பிய படிவத்தை அதிகாரி என் பக்கம் நகர்த்தியபோது இருபதாவது கேள்வியை மட்டும் பார்த்தேன். நீங்களும் காலியாகத்தான் விட்டிருந்தீர்கள்.

டாக்டர் சொன்ன ஒரு மாதம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் சிம் போடுகிறேன். காலை பத்து மணிக்கு முதல் நம்பராக உங்களுடையதை அடிப்பேன். மனப்பாடமாக இருக்கிற நம்பர்தான்.

எடுங்கள் டீச்சர்.

சந்தியா